செக்ரோலும் பிரசாவுரிமையும்

இறக்குவானையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் செக்ரோல் என்னும் பதிவேட்டைப் படிக்கக் கற்றல் வேண்டும். அதில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. ‘அரைப்பேர்’ எனில் அரைநாட் கூலி. கட்டம் வெறுமையாயின் அன்று கூலி இல்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமோ, 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவுமாறு விதித்தது. கூலி கணக்கிட எழுந்த ஏடுகளிலேயே வதிவிடச் சான்றையும் தேடவேண்டியதாயிற்று. விண்ணப்பங்களில் அடங்கியோர் சுமார் 8 இலட்சம் பேர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இன்று நிறுவனங்களின் கணினி மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் அடாப்டர்களுக்கும் இத்தகைய அட்டவணைகள் உள. பண்பின் பெயர், வகை, கட்டாயமா அன்றா, இயல்பு மதிப்பு என்பன அவற்றின் நிரல்கள். நிரப்பாது விட்டவிடத்து இயல்பு மதிப்பே செல்லும். அஃது யாதென முன்னரே எழுதப்பட்டிருக்கும். செக்ரோலில் அத்தகைய நிரல் இருந்ததில்லை. சான்றில்லாதவிடத்துப் ‘பிரசையல்லர்’ என்பதே கொள்ளப்படுமெனப் பேர் பதிந்த நாளில் எத்தொழிலாளியும் அறிந்திலர்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றனர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்யும்வரை 55 ஆண்டுகள் கழிந்தன. ஆதலின், அட்டவணையொன்றைப் படிப்போர் எழுதாவிடத்து எது கொள்ளப்படும் என்பதையும் வினவுதல் கடனாகும்.