சென்னையைச் சுற்றி ஒருநாள் பயணங்கள்

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய வரலாற்று ஊர்களும் இயற்கை இடங்களும் வடக்கே பழவேற்காடு முதல் தெற்கே வேடந்தாங்கல் வரை பரவிக் கிடக்கின்றன. பெரும்பாலோர் மாமல்லபுரத்தோடும் காஞ்சிபுரத்தோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தை வாழவைத்தவை ஏரிகள். அவற்றைப் பார்க்க உள்நாட்டுச் சாலைகளில் இறங்கியாக வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகம். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் புடைப்புச் சிற்பத்தின் நடுவே பாறை பிளந்திருக்கிறது. பிளவில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துகின்றனர். பாறைக்கு மேலே தொட்டி இருந்த தடயம் உள்ளதால், விழாக்காலத்தில் இவ்வழியே தண்ணீர் விடப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. யானையின் காலடியில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதை நம்பிச் சுற்றி நிற்பதைத் தவறவிடக் கூடாது.

காஞ்சிபுரத்தில் நேரம் குறைவென்றால், இராசசிம்மன் எடுப்பித்த மணற்கல் தளியான கைலாசநாதர் கோயில் ஒன்றே போதும்.

அங்கிருந்து தெற்கே உள்ள உத்திரமேரூருக்குப் போவோர் சிலரே. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளன. ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த விதிகளை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத சிறுவனை எடுக்கச் செய்தனர். சொந்த மனையும் நிலமும், 35 முதல் 70 வரையான வயதும் தேவை. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். நீர்நிலைகளைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனிக்குழுவே இருந்தது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் நின்று பார்க்க வேண்டிய கல் இது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர் கோயில் உள்ளது. பெருமழையில் கரை உடைய இருந்த இரவில் ராமலட்சுமணர் வில்லேந்திக் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது தலக்கதை. பக்கத்து வேடந்தாங்கலின் வரலாற்றிலும் அவர் பெயர் வருகிறது. பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதால் ஊரார் அவரிடம் முறையிட, 1798இல் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதித் தரப்பட்டது. ஊராரின் அக்கறைக்குக் காரணம் உண்டு: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் ஆகியவை கூடு கட்டுகின்றன. இரை தேடிப் போன பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் மாலை நான்கு மணிக்கு மேல்தான் பார்க்கச் சிறந்த வேளை. 2022இல் இந்த ஏரி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

வடக்கே பழவேற்காட்டில் உப்பங்கழியும் பூநாரைகளும் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகளும் உள்ளன. அதற்குத் தனியாக ஒருநாள் வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளுக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் அவை கூடு கட்ட வருவது குறையும் என்பதால், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.