மாதாமாதம் காசு கட்டும் ரசிகர்கள்... முடியாமலே ஓடும் '18+' கேம்கள்! லகான் யார் கையில்?

கள்ளக்குறிச்சி பக்கத்து ஊர்களில் தெருக்கூத்து வைக்கணும்னா வீட்டுக்கு இவ்வளவுனு வசூல் பண்ணுவாங்க. காசு கொடுத்தவரே பாய் விரிச்சு முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். வெளிநாடுகளில் வயது வந்தோருக்கான வீடியோ கேம்கள் கிட்டத்தட்ட இதே வசூல் முறையில்தான் உருவாகுது. என்ன ஒன்று, கூத்து விடிஞ்சா முடிஞ்சிடும். இந்த கேம்களில் பல, வருஷக்கணக்கா முடியறதே இல்லை.

தெருவுக்குத் தெரு லேப்டாப் இருக்கும் காலத்தில், "டாலரில் சம்பாதிக்கலாமாமே, நாமளும் பண்ணலாமா?"னு கேட்கும் பசங்க இங்கேயும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்த விவரம்.

காசு எப்படி வருது?

இந்த கேம்களில் பெரும்பாலானவை படமும் வசனமுமா நகரும் கதைகள். நடுநடுவே எந்தப் பக்கம் போகணும்னு ஆடுபவர் தேர்ந்தெடுக்கணும். இதை உருவாக்க பெரிய கம்பெனி தேவையில்லை. ரென்பை என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாவே கிடைக்குது. ஒருத்தர், மிஞ்சிப்போனா நாலைந்து பேர்.

பணம் வரும் முக்கிய வழி பேட்ரியான். 2013ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தளத்தில் ரசிகர்கள் மாதச் சந்தா கட்டுவாங்க. குறைஞ்ச சந்தாவுக்குப் புது பதிப்பு முன்கூட்டியே கிடைக்கும். கூடுதலா கட்டினா, அடுத்து எந்தக் கதாபாத்திரத்தின் கதை வரணும்னு ஓட்டுப் போடலாம். கேம் 0.1, 0.2னு துண்டு துண்டா வெளிவரும். கொஞ்ச நாள் கழிச்சு மத்தவங்களுக்கு அதே பதிப்பு பெரும்பாலும் இலவசம். ஆடறவங்க ஆயிரம் பேர்னா, கட்டறவங்க சிலர்தான்.

மொத்தமா வசூலிப்பதும் உண்டு. 2019ல் 'சப்வர்ஸ்' என்ற கேம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1 லட்சம் பவுண்ட் கேட்டது. கிடைச்சது 16 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

ஏன் முடியறதில்லை?

மாதச் சந்தாவில் ஓடும் கேமை முடிச்சா சம்பளம் நின்னுடும். இதுதான் இந்த முறையோட அடிப்படைக் கோளாறு. 'வேணும்னே இழுத்துக் கறக்கிறாங்க'னு ரசிகர்கள் புலம்புவது வழக்கம். அது முழு உண்மையும் இல்லை. எழுதறது, படம் உருவாக்குறது, பிழை திருத்தறது, சந்தாதாரருக்குப் பதில் சொல்றது எல்லாம் பல இடங்களில் ஒரே ஆள். காசு வந்ததும் திட்டமும் பெரிசாகுது. பழசை மாத்தி எழுத உட்கார்ந்தா இரண்டு வருஷம் போயிடும்.

கூட்டாளிங்க பிரிஞ்சா நிலைமை இன்னும் மோசம். பேட்ரியானில் மாதம் பல்லாயிரம் டாலர் திரட்டிய 'பிரீடிங் சீசன்' 2016ல் நின்னுபோச்சு. காரணம், ஓவியர் தான் வரைந்த படங்களோட விலகிட்டார். படம் யாருக்குச் சொந்தம்னு முதல்லயே பேசி எழுதி வைக்காததன் விலை அது. சந்தா கட்டினவங்களுக்கு முடிஞ்ச கேம் கிடைக்கலை. கடையில் பொருள் வாங்கற மாதிரி இதில் உரிமை கேட்க முடியாது. கொடுத்தது ஆதரவுத் தொகை, அவ்வளவுதான்.

உண்மையான முதலாளி யார்?

ரசிகரும் இல்லை, டெவலப்பரும் இல்லை. கார்டு நிறுவனங்களும் பேமெண்ட் நிறுவனங்களும்தான்.

2017ல் பேட்ரியான் விதிகளை இறுக்கியது. உறவுமுறைக்குள் நடக்கும் கதைகளுக்குத் தடை. பல டெவலப்பர்கள் 'அம்மா'வை 'வீட்டு ஓனர் அம்மா'வா மாத்தி அதே கதையை ஓட்டினாங்க. ஏமாற்று வேலைதான். விதி போட்டவங்களுக்கும் அது தெரியும்.

பெரிய இடி 2025ல் விழுந்தது. பெண்கள் மீதான பாலியல் வன்முறையையே கதையா வைத்த 'நோ மெர்சி' கேம், கடும் எதிர்ப்பால் ஏப்ரலில் ஸ்டீம் தளத்திலிருந்து போனது. தொடர்ந்து ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு, இப்படிப்பட்ட கேம்களுக்குப் பணப் பரிவர்த்தனை செய்யாதீங்கனு பேமெண்ட் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. ஜூலையில் ஸ்டீம், பேமெண்ட் நிறுவன விதிகளை மீறும் கேம்களுக்கு இடமில்லைனு அறிவிச்சது. அதே மாதக் கடைசியில் இட்ச் தளம், வயது வந்தோர் கேம்கள் மொத்தத்தையும் தேடலில் இருந்து மறைச்சது. முதலில் திரும்ப வந்தவை இலவச கேம்கள்.

எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனா வலை வீசினதில், அந்த மாதிரி வன்முறைக்குத் துளியும் சம்பந்தமில்லாத கதைகளும் சேர்ந்து மாட்டிச்சு. 'சட்டப்படியான எல்லா வாங்குதலையும் அனுமதிக்கிறோம்'னு மாஸ்டர்கார்டு ஆகஸ்டில் விளக்கம் சொன்னது. இடையில் இருந்த பேமெண்ட் நிறுவனங்கள் மாஸ்டர்கார்டு விதியைத்தான் காட்டினாங்கனு ஸ்டீமை நடத்தும் வால்வ் பதில் சொன்னது. நடுவில் மாதச் சம்பளம் போனது டெவலப்பருக்கு.

இங்கிருந்து பண்ணலாமா?

முதலில் சாதாரண கேமையே எடுத்துக்குங்க. இந்தியாவில் இருந்துகொண்டு நேரடியா கிக்ஸ்டார்ட்டரில் வசூல் தொடங்க முடியாது. புனேவில் உருவான 'ராஜி' கேம் 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் முயற்சி செஞ்சும் இலக்கை எட்டலை. வேறு வழியில் பணம் புரட்டி 2020ல்தான் வெளிவந்தது. மாதச் சந்தாவிலும் சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் 1ல் தானியங்கிக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தப்போ, வெளிநாட்டுத் தளங்களுக்கு இங்கிருந்து போன சந்தாக்கள் நிறைய அறுந்துபோச்சு.

'18+' கேம்னா சட்டமே குறுக்கே நிக்குது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67ன்படி, ஆபாசமானதை இணையத்தில் வெளியிட்டா முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் காட்சினா 67ஏ. அதில் 5 ஆண்டு, 10 லட்சம் வரை. கலை, இலக்கியத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா அதை கோர்ட்டில்தான் நிரூபிக்கணும். '18 வயசுக்கு மேல் மட்டும்'னு ஒரு வரி போட்டா போதும்னு நினைக்காதீங்க. சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் தருவது போல வீடியோ கேமுக்கு இங்கே சென்சார் போர்டு கிடையாது. வாடிக்கையாளர் எல்லாம் அமெரிக்காவில் இருந்தாலும், அப்லோட் ஆவது கள்ளக்குறிச்சியில் இருந்தோ கல்வராயன் மலை வெள்ளிமலையில் இருந்தோ என்றால் இந்தச் சட்டம்தான்.

ஆடறவங்களுக்கு?

இந்த மாதிரி கேம்களை கூகுள் ப்ளே ஸ்டோர் அனுமதிக்கிறதில்லை. அதனால் முகம் தெரியாத தளங்களில் இருந்து ஏபிகே ஃபைலை மொபைலில் ஏத்தறாங்க. யூபிஐ, வங்கி ஆப் இருக்கிற அதே போனில்! அந்த ஃபைலுக்குள் வேறென்ன ஒளிஞ்சிருக்குனு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்று, சிறுவர் சம்பந்தப்பட்டவை. இதில் எந்த விலக்குக்கும் இடம் தேடாதீங்க. குழந்தைகளைப் பாலியல் ரீதியா காட்டும் எழுத்து, டிஜிட்டல் படம் உருவாக்குறது மட்டுமில்ல, தேடுறது, பார்க்குறது, டவுன்லோடு செய்றதும் 67பி பிரிவில் குற்றம். போனில் டவுன்லோடு செய்து பார்த்தது மட்டும் குற்றமாகாதுனு 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டு, வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டா தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்தில், உங்க பேரைச் சொல்லாமலே புகார் தரலாம்.