கொறங்காட்டுக்கு வந்தவங்க

கனடாப் புல்வெளியில் குடியேறின ஒரு விவசாயியோட வம்ச வரலாறை எழுதறது கொஞ்சம் சுலபம்னு தோணுது. 1872-ல் வந்த டொமினியன் நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டினா 160 ஏக்கர். மூணு வருஷம் அங்கேயே குடியிருந்து, உழுது காட்டணும். அப்புறம்தான் பத்திரம். மனு போட்ட தேதி, கட்டின வீடு, உழுத ஏக்கர் எல்லாம் அரசாங்கக் கோப்புல ஏறிடும். 1891-ல் கலீசியாவிலிருந்து போன இவான் பிலிப்பிவ், வசில் எலினியாக் ரெண்டு பேரையும் அங்க போன முதல் உக்ரைன்காரங்கன்னு இன்னிக்கும் பேர் சொல்றாங்க. (அது ஒண்ணும் காலி நிலம் இல்லை. க்ரீ முதலான பழங்குடிகள்கிட்ட ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கிட்டது. அது தனிக் கதை.)

நம்ம குண்டடம் பக்கம் வருவோம். எங்க வீட்டுல தெலுங்கு பேசுவோம், எழுதப் படிக்க ஒருத்தருக்கும் தெரியாது. எங்கிருந்து வந்தோம்னு அவ்வாவைக் கேட்டா வடக்கே கை காட்டுவாங்க. அவ்வளவுதான் டாக்குமெண்டேஷன் :)

புத்தகத்துல இருக்கிறது இது. பதினாலாம் நூற்றாண்டுல குமார கம்பணர் மதுரை வரைக்கும் படையெடுத்து வந்தார். பதினாறாம் நூற்றாண்டுல மதுரை நாயக்கர் ஆட்சி. 1565-ல் தலைக்கோட்டைப் போர். இந்தக் காலம் பூரா தெலுங்கு பேசற படைவீரர்களும் குடியானவங்களும் தலைமுறை தலைமுறையா தெற்கே வந்தாங்க. ஆத்துப் பாசன நிலமெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்த இடம். அதனால வந்தவங்கள்ல நிறையப் பேர் மானாவாரிக் காட்டுலதான் கால் ஊணினாங்க. நம்மூர் வடுகநாதர் கோயிலை இதுக்கு ஆதாரமா சிலர் சொல்வாங்க. வடுகர்னா பைரவருக்கே உள்ள பேர், முடிச்சுப் போட வேண்டாம்.

இங்க மழை கம்மி, மண்ணு சரளை. அதுக்கு இந்தப் பக்கத்து ஜனங்க கண்டுபிடிச்ச விடைதான் கொறங்காடு. சுத்தியும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, நிழலுக்கு வெள்வேல மரம். காங்கேயம் மாட்டை உள்ளே விட்டு படலைச் சாத்திட்டா, மேய்க்க ஆள் வேண்டாம். சில வருஷம் மேய்ச்சல், நல்ல மழை வந்தா ஒரு வெள்ளாமை சோளமோ கொள்ளோ, திரும்பப் புல்லு. கனடாக்காரன் புல்வெளியை உழுது கோதுமை போட்டான். இங்க புல்லையே வெள்ளாமையா வச்சாங்க.

காகிதம் வந்தது வெள்ளைக்காரன் காலத்துல. 1799-ல் திப்பு விழுந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. அடுத்த வருஷமே புக்கானன் தாராபுரம் வழியா வந்து எல்லாத்தையும் எழுதி வச்சார். ரயத்துவாரி முறையில குடியானவன் பேர்ல பட்டா வந்தது. ஆனா பட்டா சொல்றது வரி எவ்வளவுங்கிறதை, ஆள் எங்கிருந்து வந்தான்ங்கிறதை இல்லை. மாவட்டமும் நிலையா இல்லை. கோவை, 1979-ல் பெரியார் மாவட்டம் (அதுவே அப்புறம் ஈரோடு ஆச்சு), 2009-ல் திருப்பூர். உக்காந்த இடத்துலயே நாங்க குடிபெயர்ந்தோம்!

அப்புறம் கிணறு. கவலை ஏத்தம் போய், 1930-கள்ல பைக்காரா கரண்ட் வந்த பிறகு கொங்குல மோட்டார் பரவுச்சு. கிணத்துத் தண்ணியில கம்போடியாப் பருத்தி, பருத்தியில இருந்து மில்லு, கடைசியா பனியன். திருப்பூர் முதலாளிகள் பல பேர் காட்டுல வேலை செஞ்ச கவுண்டர் குடும்பத்துக்காரங்கதான்னு ஷரத் சாரி 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வரிசையில அடுத்தது என்னை மாதிரி கீபோர்டு தட்டறவங்க.

இப்ப எங்க காட்டை விக்கலாமான்னு வீட்டுல பேச்சு நடக்குது. சுத்தி காத்தாடி நிக்குது, சைட் போடறவங்க விலை கேக்கறாங்க. அப்பாவுக்கு வயசாச்சு, வேலிக்கு முள்ளு வெட்ட ஆள் கிடைக்கலை. வித்தா தப்புன்னு சொல்ற தகுதி, மாசத்துக்கு ஒருவாட்டி ஊருக்குப் போற எனக்கு இல்லை.

ஆனா ஒண்ணு. கனடாக்காரன் பேரன் நிலத்தை வித்தாலும் கோப்பு ஆவணக் காப்பகத்துல இருக்கும். எங்களுக்கு நிலமேதான் கோப்பு. எந்தத் தாத்தா எந்த வேலி நட்டார், எந்தப் பஞ்சத்துல எந்தக் கிணத்தை ஆழப்படுத்தினாங்க, குலதெய்வக் கல்லு ஏன் அந்த மூலையில இருக்கு, எல்லாம் காட்டைக் காட்டித்தான் அவ்வா சொல்வாங்க. விக்கிறதோ வைக்கிறதோ, அதுக்கு முன்னாடி அவ்வாவைக் கூட்டிட்டு வேலியோரமா ஒரு சுத்து நடந்து, சொல்றதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணணும். உங்க ஊர்லயும் ஒரு அவ்வா இருப்பாங்க. கேட்டு வச்சுக்கோங்க.