கனவில் விழித்திருந்தோர்

தீக்கனவு கண்டதும் பேய்ச்சேட்டையென்றஞ்சி, மந்திரித்த கயிற்றுக்கும் கோழிக்கும் கூலியைத் தொலைப்பவரை நாம் கண்டிருக்கிறோம். ஆனால், கனவினுள்ளேயே ‘இது கனவு’ என்றறிந்து அதை நடத்தியவரும் உளர்.

பிரெஞ்சு அறிஞர் எர்வே தெ சான்-தெனி, இளமைமுதல் தம் கனவுகளைக் குறித்துவைத்து, அவற்றை ஆளும் வழிகளை 1867-இல் நூலாக்கினார். 1913-இல் டச்சு மருத்துவர் வான் ஈடன் இதற்குத் ‘தெளிகனவு’ எனப் பொருள்படும் பெயரிட்டார். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், கனவு காண்பவர் முன்பு பேசிவைத்தபடி கண்ணசைத்துத் தந்த குறிப்பைக் கருவியிற் பதிவுசெய்தார்.

அறிந்த மகிழ்ச்சியிலேயே கனவு கலைவதுண்டு. அதற்கும் அமெரிக்க ஆய்வாளர் லபெர்ஜ் வழி கூறினார்: காட்சி மங்குங்கால், கனவிலுள்ள உடலைப் பம்பரம்போற் சுழற்றுக, அன்றேல் கைகளைத் தேய்த்துக்கொள்க.

தோழர்களே! நம் கனவு நம் மனத்தின் ஆக்கம். அதற்கு நாம் அஞ்சுவதேன்?