'ஹவுஸ் ஒய்ஃப்' யார் வீட்டுச் சொல்?

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல்களில் ஒரு குடும்பம் வரும். அப்பா ஆபீஸ் போவார். அம்மா சமைப்பாள். அண்ணன் கிரிக்கெட் ஆடுவான். தங்கை கோலம் போடுவாள். கடைசியில் 'ஆணும் பெண்ணும் சமமா? விவாதிக்க' என்று ஒரு பயிற்சி. நல்ல பயிற்சிதான். ஆனால் அது யாருடைய குடும்பம் என்று மட்டும் பாடம் கேட்பதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சேரியில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். 'மை மதர் ஈஸ் எ ஹவுஸ் ஒய்ஃப்' என்ற வரி வந்தது. ஒரு பெண் கேட்டாள்: "எங்கம்மா எப்பக்கா வூட்ல இருந்துச்சி? நாத்து நட, களையெடுக்க, செங்கச்சூளைக்குன்னு போய்க்கினேதான இருந்துச்சி. நைனாவ யோவ்னுதான் கூப்புடும்." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "கூப்புடும். அவுரு குடிச்சிட்டு வந்தா ஒதையும் அதுதான் வாங்கும்" என்றாள்.

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசுவதுதான் நமக்கு விவாதம். வெளியே போய் உழைப்பதே விடுதலை என்றால் நம் பெண்கள் என்றைக்கோ விடுதலை பெற்றிருக்க வேண்டும். வீட்டுக்குள் அடைபட்ட மேல்சாதிப் பெண்ணை மட்டுமே 'பெண்' என்று வைத்துக்கொண்டால் நம் அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டாள். சேரிப் பெண் சுதந்திரமானவள் என்று நம் ஆண்கள் மேடையில் பெருமை பேசினால் அந்த உதை மறைந்துபோகும்.

இதெல்லாம் இன்றைக்குக் கிளம்பிய பேச்சு அல்ல. 1848இல் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் புனேவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களிடம் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி 1855இல் 'ஞானோதயா' இதழில் கட்டுரை எழுதினாள். கூரைகூட இல்லாத வீட்டில், மழையிலும் குளிரிலும் தன் சாதிப் பெண்கள் பிள்ளை பெறும் துயரம் அதில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த தன் கவிதைத் தொகுப்பில், ஆங்கிலம் படியுங்கள் என்று ஒடுக்கப்பட்டோரை அழைத்திருந்தார் சாவித்திரிபாய்.

1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு, சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் நடந்தது. மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாடு முழுவதுக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல்தான். ஆலைப் பெண்களுக்கு விடுப்பும் ஓய்வூதியமும் அதே மாநாட்டில் கேட்டார்கள். மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று அங்கே பேசினார் அம்பேத்கர். வீட்டுப் பிரச்சினையும் ஆலைப் பிரச்சினையும் அந்தப் பெண்களுக்கு வேறு வேறாக இல்லை.

சிப்காட் பெண்களுக்கும் இல்லை. "சூப்பர்வைசர் நம்மள ஏய்ம்பாரு, நாம சார்ம்போம். இங்கிலீஷ்ல ரெண்டு பேருமே யூதானக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அந்த மொழியில் நீ, நீங்க என்ற பிரிவு இல்லை. அதனால் மட்டும் சூப்பர்வைசர் மாறிவிட மாட்டார். ஆனால் நிமிர்ந்து பேச வாய் பழகும்.

சேரிகளில் மாலைப் பள்ளி நடத்தும் தோழர்கள் அந்த நூல் குடும்பத்தை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளின் வீட்டிலிருந்து தொடங்கலாம். 'மை மதர் வொர்க்ஸ்' முதல் வாக்கியமாக இருக்கட்டும். அவள் கூலி யார் கையில் போகிறது, வந்து சோறாக்குவது யார், அடித்தால் யாரிடம் சொல்வது என்பவை அடுத்த கேள்விகள். இலக்கணம் பிறகு திருத்திக்கொள்ளலாம்.