கண்புரை ‘முற்றும் வரை’ காத்திருத்தல்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கண்புரை முற்றிய பின்னரே அறுவை மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்னும் கருத்து மக்களிடையே இன்றும் நிலவுகிறது. இக்கருத்து நோயின் இயல்பிலிருந்து தோன்றியதன்று. பழைய அறுவை முறைகளின் வரம்புகளிலிருந்து தோன்றியது என்பதை அம்முறைகளின் வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண்புரை, விழிவில்லை, அறுவை மருத்துவம், மருத்துவ வரலாறு

முன்னுரை

விழியினுள் அமைந்த தெளிந்த வில்லை ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. முதுமையில் அவ்வில்லையின் புரதங்கள் திரண்டு, அது தெளிவை இழப்பதே கண்புரை. கண்ணின்மேல் தோல் படர்வதாகப் பலர் கருதினும் மங்குவது உள்ளிருக்கும் வில்லையே. அதனை மருந்தால் தெளிவிக்க இயலாமையால் அறுவையே இதற்குரிய மருத்துவமாக இருந்து வருகிறது.

தள்ளுதல்

சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் ஊசிமுனை கொண்டு புரையை விலக்கும் முறையைக் கூறுகிறது. இம்மரபில் வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. பார்வையின் வழியிலிருந்து விலக்கி விழியினுள்ளேயே தள்ளப்பட்டது. இறுகிய வில்லையே உடையாமல் முழுமையாக நகரும். ஆகவே புரை முற்றியிருத்தல் இம்முறைக்குத் தேவையாயிற்று. ஊசி வெளியேறிய உடனே ஒளி தெரிந்தது. ஆயினும் அழற்சியாலும் கண்ணழுத்த உயர்வாலும் பலர் பின்னர்ப் பார்வையை இழந்தனர். 1819இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு கேடுற்ற கண்களை ஆராய்ந்து 1917இல் இலண்டனில் ஆற்றிய ஹன்டேரியன் சொற்பொழிவுகளில் இத்தீங்கினை விரித்துரைத்தார். மேலை மருத்துவமனைகள் நிலைபெற்ற பின்னும் இம்முறை நாட்டில் வழங்கிவந்தமைக்கு அது சான்றாகிறது.

அகற்றுதல்

1747இல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் கருவிழியின் ஓரத்தைக் கீறி வில்லையை வெளியே எடுத்தார். 1752இல் தம் முறையைப் பாரிசின் அறுவை மருத்துவக் கழகத்திற்கு அறிவித்தார். முற்றாத புரையில் வில்லையின் மென்பகுதி உள்ளே தங்கி அழற்சியை விளைத்தது. எனவே முற்றும் வரை காத்திருத்தல் இங்கும் விதியாயிற்று. பெரிய கீறல் ஆறும் வரை நோயாளி பல நாள் அசையாது படுத்திருக்க வேண்டியிருந்தது.

பிறிதொரு காரணமும் உண்டு. வில்லையற்ற கண்ணுக்கு ஏறத்தாழ 10 டயாப்டர் ஆற்றலுள்ள தடித்த கண்ணாடி தேவைப்பட்டது. அதன்வழிப் பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றின. பக்கப் பார்வை சிதைந்தது. மறு கண் நன்றாக இருப்பின் இருகண் காட்சிகளும் ஒன்றிணையவில்லை. ஓரளவு பார்வை உடையவர் இவ்வறுவையால் இழப்பதே மிகுதி. ஆகவே காத்திருத்தல் அன்று அறிவுடைமையாகவே இருந்தது.

மாற்றிப் பொருத்துதல்

போர் விமானிகளின் கண்களில் தைத்த அக்ரிலிக் துண்டுகள் சில தீங்கின்றித் தங்கியிருந்தமையை உற்றுநோக்கிய ஹரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்லசு கெல்மன் மீயொலியால் புரையை நொறுக்கி உறிஞ்சும் முறையைக் கண்டார். மதுரையில் கோ. வேங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் நிறுவப்பெற்ற ஆரோலேப் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் செய்தளித்தது. ஏழையருக்கும் தடித்த கண்ணாடியிலிருந்து விடுதலை கிட்டியது.

இம்மாற்றம் பழைய விதியைத் தலைகீழாக்கியது. இறுகிய புரையை நொறுக்க மிகுந்த மீயொலி ஆற்றல் தேவைப்படுவதால் கருவிழிக்கு ஊறு நேரலாம். மிக முற்றிய புரையிலிருந்து கசியும் புரதம் கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே அழிக்கக்கூடும். முன்பு துணையாகக் கருதப்பட்ட முதிர்ச்சி இன்று தடையாகிறது.

முடிவுரை

அன்றாடப் பணிக்குப் பார்வை இடையூறாகும்போது அறுவையை நாடுவதே இன்றைய நெறி. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். சில வாரங்கள் சொட்டுமருந்து இடுகின்றனர். படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம். பின்னாளில் வில்லையின் உறை மங்கினால் லேசர் ஒளியால் சீர்செய்யலாம். கடும் வலி, மிகுந்த சிவப்பு, பார்வைக் குறைவு ஆகியன தோன்றின் உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். கருவிகள் மாறிய பின்னும் அவற்றையொட்டி எழுந்த அறிவுரை தலைமுறைகள் கடந்து நிற்கிறது. அவ்வறிவுரை எழுந்த காலத்தையும் காரணத்தையும் எடுத்துரைப்பது, முதியோர் பார்வையின்றிக் கழிக்கும் வீணான ஆண்டுகளைக் குறைக்கத் துணைபுரியும்.