பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ ஏறிய வரலாறு

சாதாரண பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. வளிமண்டல அழுத்தம் தள்ளும் அளவுக்கு மேல் ஒரு துளியும் போகாது. சைலன்சர் வழியே வீணாகும் சூடான புகையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவிதான் டர்போசார்ஜர். வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதற்கு மேல் 6 பவுண்டு கூட்டினால் அழுத்தம் 40 சதவீதம் ஏறிவிடும். இவ்வளவு காற்றைத் திணிப்பதில் பெரிய சிரமம் இல்லை. அதற்கு ஈடாகப் பெட்ரோலை ஊட்டுவதும், தீப்பொறியை உரிய கணத்தில் விடுவதும்தான் பெரும்பாடு. டர்போ இல்லாமல் பிறந்த கார்களுக்குப் பிற்பாடு டர்போ பொருத்திய வரலாறு, பெரும்பாலும் இந்தச் சிரமத்தின் வரலாறு.

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் கார் இல்லை. கருவி முதலில் கப்பல் டீசல் இன்ஜின்களிலும் விமானங்களிலும்தான் காலூன்றியது. அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் 1918-இல் டர்போ பொருத்திய லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை மேல் ஏற்றிச் சோதித்தார். 14,000 அடிக்கு மேல், காற்று மெலிந்த அந்த உச்சியிலும், கடல்மட்டத்தில் தரும் திறனை அந்த இன்ஜின் தந்தது.

விற்பனைக் கார்களுக்கு டர்போ வந்தது 1962-இல். ஜெனரல் மோட்டார்ஸ் அதே ஆண்டில் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது: செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான கலவை, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே ஆங்காங்கே தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் இந்தக் கோளாறு நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். இதைத் தவிர்க்கக் கோர்வேரில் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைத்தார்கள். ஜெட்ஃபயரிலோ 10.25-க்கு 1 என்ற உயர்ந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைப் பீய்ச்சி வெப்பத்தை அடக்கப் பார்த்தார்கள். கார் வாங்கியவர்கள் திரவத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். புகார்கள் குவிந்தன. கடைசியில் நிறுவனமே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. பொறியியலில் ஜெட்ஃபயரே துணிச்சலானது. ஆனால் ஓட்டுபவரின் நினைவாற்றலை நம்பி ஓர் இன்ஜினை வடிவமைக்கக் கூடாது.

கார்புரேட்டர் காலத்தில் தனியார் பட்டறைகளுக்கு இரண்டே வழி இருந்தது. டர்போவை கார்புரேட்டருக்குப் பின்னால் வைத்தால், பெட்ரோல் கலந்த காற்றே டர்போ வழியாகப் போகும். வேலை சுலபம்தான், ஆனால் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைக்க முடியாது. வைத்தால் பெட்ரோல் அதற்குள் திரவமாகத் தங்கிவிடும். டர்போவை முன்னால் வைத்து கார்புரேட்டருக்குள் காற்றை ஊதினால், மிதவை அறைக்கும் அதே அழுத்தத்தைக் கொடுத்தாக வேண்டும், பெட்ரோல் பம்பும் அதை மீறித் தள்ள வேண்டும். 1980-இல் வந்த லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ இந்த இரண்டாவது வழியில் 2.2 லிட்டர் இன்ஜினிலிருந்து 210 குதிரைத்திறன் எடுத்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு காருக்கு டர்போ ஏற்றினால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பாவுக்குக் காட்டியது பிஎம்டபிள்யூ. 1973-இல் வந்த 2002 டர்போ, 130 குதிரைத்திறன் கொண்ட 2002 டிஐஐ காரின் இன்ஜினை 170-க்கு உயர்த்தியது. அதற்காகக் கம்ப்ரஷன் விகிதத்தை 6.9 வரை இறக்கியதால், டர்போ சுழன்று எழும்வரை இன்ஜின் சோம்பிக் கிடக்கும். எழுந்ததும் கார் பாயும். அந்த ஆண்டே எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர, 1,672 கார்களோடு அது நின்றுபோனது. 1970-களின் இறுதியில் சாப் நிறுவனம் 99 டர்போவில் சிறிய டர்போவையும், அழுத்தம் எல்லை மீறினால் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வையும் சேர்த்துக் காட்டிய பிறகே, அன்றாடம் ஓட்டக்கூடிய டர்போ கார் என்ற எண்ணம் நிலைத்தது.

1977-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரீவ்ஸ் காலவே தன் வீட்டு கராஜில் பிஎம்டபிள்யூ 320ஐ காருக்கு டர்போ பொருத்தத் தொடங்கினார். பத்து ஆண்டுகளில் அவருடைய இரட்டை டர்போ கார்வெட்டை செவர்லே டீலர்களிடமே ஆர்டர் செய்யலாம் என்ற நிலை வந்தது. டெக்சஸில் கார்டெக் பட்டறையை நடத்திய கார்க்கி பெல், தன் அனுபவத்தை 1997-இல் ‘மேக்சிமம் பூஸ்ட்’ என்ற நூலாக்கினார். வீட்டுக் கராஜில் டர்போ பொருத்தியவர்களுக்கு அது பாடநூலானது.

இந்தக் கைத்தொழில் குறிப்பாக ஒரு காரைச் சுற்றிப் பெருகி வளர்ந்தது. 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா, ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள இரு இருக்கைத் திறந்த கார். வளைவுகளில் அற்புதம், நேர்ச்சாலையில் அதன் 1.6 லிட்டர் இன்ஜினின் 116 குதிரைத்திறன் பலருக்குப் போதவில்லை. அந்த இன்ஜினின் குடும்பத்திலேயே மாஸ்டா 323 ஜிடிஎக்ஸ் காருக்கான டர்போ இன்ஜின் ஒன்று இருந்தது. ஆகவே இரும்பு பிளாக் கொண்ட இந்த இன்ஜின் கூடுதல் பாரத்தைத் தாங்கியதில் வியப்பில்லை. பிரிட்டனில் பிபிஆர் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் 150 குதிரைத்திறன் தரும் டர்போ தொகுப்பை மாஸ்டா டீலர்கள் வழியாகவே விற்றது. அமெரிக்காவில் பெல்லின் பட்டறையும் கொலராடோவின் ஃப்ளையின் மியாட்டாவும் தொகுப்புகளை விற்றன.

வேலை எப்படி நடக்கும்? பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, டர்போவைத் தாங்கும் கனமான மேனிஃபோல்டு பொருத்தப்படும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டுக்கு ஆயில் வேண்டும். இன்ஜினின் ஆயில் அழுத்த சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டு அதை எடுப்பார்கள். திரும்பும் ஆயில் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும் என்பதால், ஆயில் சம்பின் பக்கவாட்டில் துளையிட்டாக வேண்டும். இன்ஜினை இறக்காமல் துளைப்பவர்கள் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, உலோகத் துகள் உள்ளே விழாதிருக்க டிரில் பிட்டில் கிரீஸை அப்பிக்கொள்வார்கள். ஒரு துகள் தப்பினாலும் பேரிங் போய்விடும்.

பெட்ரோல்தான் மறுபடியும் தலைவலி. 1.6 காரில் உள்ளே போகும் காற்றை அளப்பது ஒரு தட்டுக் கதவு. அது முழுதாகத் திறந்தபின் எவ்வளவு காற்று வந்தாலும் இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் ஆரம்பத் தொகுப்புகள், பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் அழுத்தம், ஏற ஏற பெட்ரோல் குழாயின் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்றை நம்பின. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 40 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டுமென்றால் அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் விழிபிதுங்கும். தீப்பொறியைத் தாமதப்படுத்தத் தனியாக இன்னொரு பெட்டி. ஆறு பவுண்டு வரை இது ஓடியது, அதற்கு மேல் சூதாட்டம்தான்.

இந்தச் சூதாட்டத்தை முடித்துவைத்தது மின்னணுவியல். 2001-இல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், ஆர்வலர்கள் தாங்களே சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ளக்கூடிய மலிவான இன்ஜின் கம்ப்யூட்டர். புகையில் காற்று–பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரும் மலிவானது. சாதாரண ஓட்டத்தில் 14.7-க்கு 1 இருக்கும் விகிதத்தை பூஸ்டில் 12-க்கு அருகே இறக்கி, கூடுதல் பெட்ரோலாலேயே வெப்பத்தை அடக்குவது வீட்டு கராஜிலும் சாத்தியமாயிற்று. அப்போதுதான் மற்ற பலவீனங்கள் வெளியே தெரிந்தன. 1.6 காரின் ஆறு அங்குல டிஃபரன்ஷியல் பல் உடைந்தது. 1.8 லிட்டர் மியாட்டாவிலிருந்து ஏழு அங்குல டிஃபரன்ஷியலைக் கழற்றி மாட்டினார்கள். சக்கரத்தில் 250 குதிரைத்திறனை நெருங்கினால் கனெக்டிங் ராடு வளைந்தது.

சட்டமும் குறுக்கே நின்றது. கலிஃபோர்னியாவில் புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும் எந்த உதிரிப்பாகத்துக்கும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் தனி உத்தரவு எண் வேண்டும். அது இல்லாத டர்போ கார் புகைச் சோதனையில் தேறாது.

2004-இல் மாஸ்டாவே இறங்கி வந்தது. 178 குதிரைத்திறன், 9.5 கம்ப்ரஷன் விகிதம், இன்டர்கூலர், ஆறு கியர்: மாஸ்டாஸ்பீட் எம்எக்ஸ்-5 இரண்டே மாடல் ஆண்டுகள் விற்றது. அதன்பின் வந்த எம்எக்ஸ்-5 எதற்கும் நிறுவனம் தொழிற்சாலையில் டர்போ வைத்து விற்கவில்லை. 2016-இல் அப்போதைய எம்எக்ஸ்-5 அடித்தளத்தின் மேல், மாஸ்டாவின் ஹிரோஷிமா ஆலையில் உருவான ஃபியட் 124 ஸ்பைடரில் 1.4 லிட்டர் டர்போ இன்ஜின் இருந்தது; அந்த இன்ஜின் ஃபியட்டுடையது.